சின்ன ரண்ணுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

குஜராத்தில் இருக்கும் உப்புக் களர் வெளியான கட்ச் ரண்ணுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எந்த ரண்?" என்பதைத்தான். பெரிய ரண், சின்ன ரண் என்று இரண்டு இருக்கின்றன. போட்டோக்களில் வரும் பால் வெள்ளைத் தரை, கூடார நகரம், குளிர்காலத்து ரண் உத்சவம் எல்லாம் பெரிய ரண். புஜ் நகரத்துக்கு வடக்கே, தோர்டோ கிராமத்துப் பக்கம். காட்டுக்கழுதையும் பூநாரையும் ஓநாயும் பார்க்க வேண்டுமென்றால் போக வேண்டியது சின்ன ரண். அது அகமதாபாத்திலிருந்து மேற்கே சாலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒரு ரண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். பெயர்க் குழப்பத்தில் தோர்டோவில் அறை போட்டுவிட்டு, காட்டுக்கழுதை எங்கே என்று தேடியவர்களை எனக்குத் தெரியும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் சின்ன ரண்ணைப் பற்றி.

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டு மணல்மேடும் ஒட்டகமும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே மணல் கிடையாது. ஒரு காலத்தில் அரபிக் கடலின் ஆழமில்லாத ஒரு கையாக இருந்த இடம், வண்டல் சேர்ந்தும் தரை உயர்ந்தும் மேடானது. மழைக்காலத்தில் கிழக்கேயிருந்து பனாஸ், சரஸ்வதி, ரூபேண் ஆறுகள் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். மேற்கே கட்ச் வளைகுடாவிலிருந்து கடல்நீர் ஏறும். நன்னீரும் உப்புநீரும் கலந்து, கண்ணுக்கு எட்டிய வரை முழங்கால் ஆழ ஏரி. மழை நின்றதும் அது வற்றத் தொடங்கும். குளிர்காலத்தில் நாம் போய் நிற்கும்போது காலுக்கடியில் இருப்பது வெடித்த சேற்றுக் களர், அதன்மேல் ஆங்காங்கே உப்புப் பொருக்கு. நடுநடுவே சற்று உயர்ந்த திட்டுகள். இவற்றை 'பேட்' என்கிறார்கள். மழைக்காலத்தில் அவை தீவுகள்; விலங்குகள் அங்கே ஏறி உயிர் பிழைக்கும். புல்லும் உமரிச் செடியும், பாலைப் பாட்டுகளில் வரும் உகாய் மரமும் அந்தத் திட்டுகளில் உண்டு. நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் உண்டு. குஜராத்தியில் அதற்குக் 'காண்டோ பாவள்' என்று பெயர், அதாவது பைத்தியக்காரக் கருவேலம். காட்டுக்கழுதைகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தில் விதையைப் போட்டு அதை இன்னும் பரப்புகின்றன.

எந்த மாதம் போவது

சின்ன ரண் ஒரு காட்டுக்கழுதைச் சரணாலயம். அது ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். குட்டி ஈனும் காலமும் வெள்ளமும் அப்போதுதான். அக்டோபர் 16 அன்றே போய் நின்றாலும் பெரிய பயன் இல்லை. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பரிலும் ரண்ணின் நடுவே வண்டி போகாது. ஓரமாகத்தான் சுற்ற முடியும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரைதான் என் தேர்வு. தரை இறுகியிருக்கும், ஓரத்துத் தண்ணீர் முழுசாக வற்றியிருக்காது, வலசை வந்த பறவைகள் எல்லாம் இருக்கும், பகல் வெயிலும் தாங்கும். பறவைதான் முக்கியம் என்றால் டிசம்பர். உப்பு எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச். அந்த மாதம் பாத்திகளில் உப்பு முற்றியிருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் அடித்துப்போடும். ஏப்ரலுக்கு மேல் முதல்முறை போகிறவர்கள் வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் ஏறும், ஒதுங்க ஒரு மர நிழல் இருக்காது.

அக்டோபர், நவம்பரில் போவதாக இருந்தால் கிளம்ப ஒரு வாரம் முன்னால் தங்குமிடத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வண்டி உள்ளே எவ்வளவு தூரம் போகிறது?" ரண் திறந்திருக்கிறதா என்று கேட்டால் திறந்திருக்கிறது என்றுதான் பதில் வரும்.

எந்தப் பக்கம் தங்குவது

சரணாலயத்தின் பரப்பு 4,954 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் தங்கி இன்னொரு பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைக்க முடியாது. புதியவர்களுக்குத் தோதான வாசல்கள் இரண்டு. ஒன்று பஜானா. தஸாடா, ஜைனாபாத், பாட்டடி ஊர்களில் தங்குகிறவர்கள் இந்த வழியாக உள்ளே போவார்கள். இன்னொன்று தெற்கே இருக்கும் த்ராங்கத்ரா. பஜானாப் பக்கம் தண்ணீர் அதிகம், அதனால் பறவை அதிகம். த்ராங்கத்ராப் பக்கம் காட்டுக்கழுதைகளை நிதானமாகப் பார்க்கலாம், உப்பளங்களும் பக்கம். இரண்டு ராத்திரி மட்டும் இருந்தால் ஒரே இடத்தில் தங்கிவிடுங்கள். நாலு ஜீப் சுற்றுக்கு நேரம் கிடைக்கும், அது போதும். ஒரு ராத்திரி மட்டும் என்றால் கொஞ்சம் பொறுத்திருந்து இன்னொரு முறை போகலாம் என்பேன்.

போய்ச் சேருவது சுலபம். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேராக அகமதாபாத் போகிறது, விமானமும் உண்டு. அங்கிருந்து கார் எடுக்கலாம். இல்லையென்றால் விரம்காம் வரை ரயிலில் போய், தங்குமிடத்துக்காரர்களை வண்டி அனுப்பச் சொல்லலாம். த்ராங்கத்ராவில் ரயில் நிலையமே இருக்கிறது.

அனுமதிச் சீட்டை வனத்துறை வாசலில் கொடுப்பார்கள். கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு; வார இறுதியில் கூடும்; கேமராவுக்குத் தனி. பெரும்பாலும் தங்குமிடத்துக்காரர்களே எடுத்துவைப்பார்கள், ஆனால் ஆதார் போன்ற அடையாள அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும். அறை வாடகையில் ஜீப் சுற்று சேர்ந்திருக்கிறதா, ஜீப் நமக்கு மட்டுமா, வேறு ஆட்களோடு பகிர்வதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே ஜீப்பில் பறவை பார்க்க வந்தவரும் சூரிய அஸ்தமனத்தில் செல்ஃபி எடுக்க வந்தவரும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் அந்தச் சாயங்காலம் வீண்.

சொந்த வண்டியை உள்ளே விடாதீர்கள். கேட்டும் கேட்காமலும் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும் தரைக்கு ஒரு சாண் கீழே களிச்சேறு இருக்கும். எந்த இடம் தாங்கும், எது தாங்காது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த ஓட்டுநர்களுக்குத்தான் தெரியும். அவர்களுமே சில இடங்களில் இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். உள்ளே போன் சிக்னல் இல்லை. சாலை இல்லை, கம்பம் இல்லை, குறி வைக்க ஒரு மரம் இல்லை. பகலில் கானல் எழுந்தால் நாலு பக்கமும் ஏரி மாதிரித் தெரியும். நம் பழைய தமிழில் கானலுக்குப் பேய்த்தேர் என்று ஒரு பெயர் உண்டு. மதியம் பன்னிரண்டு மணிக்கு ரண் நடுவில் நின்று, தொலைவில் ஒரு காட்டுக்கழுதை தரையைத் தொடாமல் அந்தரத்தில் மிதந்து போவதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்வெட்டர், காதுக்குக் குல்லா, முடிந்தால் கையுறை. குஜராத்தில் என்ன குளிர் என்று நினைக்க வேண்டாம். ஜனவரி விடிகாலையில் 10 டிகிரிக்குக் கீழே போகும், திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும். பத்து மணிக்கு அதே உடம்புக்குப் பருத்திச் சட்டை போதும், அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நிறம் மண்ணோடு ஒத்துப்போகட்டும்; வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். மூக்கையும் வாயையும் மூட ஒரு துண்டு. கறுப்புக் கண்ணாடி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். 8க்கு 42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள். இங்கே எல்லாமே தூரத்தில்தான் நிற்கும், போன் கேமராவில் புள்ளியாக மட்டும் விழும்.

காலைச் சுற்று

தெற்கிலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணி இருபது நிமிடம் ஆகும். ஐந்து மணிக்கே எழுந்து இருட்டில் காத்திருக்கத் தேவையில்லை. ஆறரைக்கு ஜீப்பில் ஏறினால் சரியாக இருக்கும்.

பார்க்க வந்த விலங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் அதற்கு 'குட்கர்' என்று பெயர். குதிரையும் கழுதையும் சேர்ந்த சொல். பார்த்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கும். வெளிர் மண் நிறம், வயிறும் தொடையும் வெள்ளை, முதுகு நெடுக ஒரு கரும்பழுப்புக் கோடு, கழுத்தில் நட்டுவைத்த மாதிரிப் பிடரி மயிர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். இந்த இனம் உலகில் மிஞ்சியிருப்பது சின்ன ரண்ணிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுந்தான். 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் சர்ரா நோயும் ஆப்பிரிக்கக் குதிரை நோயும் அடித்ததில் சில நூறாகக் குறைந்துபோனது. 1970களின் தொடக்கத்தில் சரணாலயம் அமைந்தது. 2024 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 7,672. ஒரு விலங்கு இப்படி மீண்டு வந்ததை நேரில் பார்க்கக் கிடைப்பது எத்தனை பெரிய விஷயம்!

இனி, பார்க்கும் முறை. ஓட்டுநரிடம் முதலிலேயே "தீமே, பாய்" என்று சொல்லுங்கள்; மெதுவாக, அண்ணா என்று அர்த்தம். பல ஓட்டுநர்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் வந்தவர்கள் திருப்தி அடைவார்கள் என்று நினைக்கிறார்கள். ஜீப்போடு சேர்த்து ஓடவிட்டு வீடியோ எடுக்கிற வழக்கமும் இருக்கிறது. அதைக் கேட்காதீர்கள், ஓட்டுநரே செய்ய முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். புல் குறைந்த காலத்தில் ஒவ்வொரு ஓட்டமும் அதன் உடம்பிலிருந்து போகிறது, குட்டிகள் தாயை விட்டுப் பிரியும். நேராகக் கூட்டத்தைப் பார்த்துப் போகாமல், தாண்டிப் போகிற மாதிரிச் சாய்வாகப் போய், நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கிக் காதை நம் பக்கம் திருப்பினால், அதோடு நிற்க வேண்டும். வரிசையாக நடந்து விலக ஆரம்பித்தால் நாம் அதிகம் நெருங்கிவிட்டோம்.

இன்ஜின் அணைத்த பிறகு இருபது நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்டதே மூன்றாவது பயணத்தில்தான். அன்று பெட்டைகளும் குட்டிகளுமாகப் பதினொன்று நின்றன. முதல் ஐந்து நிமிடம் நம்மைப் பார்த்தன, பிறகு மேய்ச்சலுக்குத் திரும்பின. ஒரு குட்டி, பிறந்து நாலைந்து மாதம் இருக்கும், காய்ந்த களரில் படுத்துப் புரண்டது. புரண்டு எழுந்ததும் முதுகில் ஒட்டிய உப்புப் பொருக்கு இளவெயிலில் மின்னியது. தாய் வந்து அதன் கழுத்துமேல் தன் கழுத்தைப் போட்டு நின்றது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு ஆண் வந்தது. தன் எல்லையில் தானே போட்டுவைத்த சாணக் குவியலை முகர்ந்து, அதன்மேல் மறுபடியும் போட்டுவிட்டுப் போனது. புல் மடியும் சத்தமும் மூச்சுவிடும் சத்தமும் எங்களுக்குக் கேட்டன. இன்ஜின் ஓடியிருந்தால் இதில் ஒன்றுமே கிடைத்திருக்காது.

அதே சுற்றில் திட்டுகளின் ஓரத்தில் நரியைத் தேடுங்கள். வால் நுனி வெள்ளையாக இருந்தால் பாலை நரி, கறுப்பாக இருந்தால் நம் ஊர்க் குள்ளநரி. வளை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஓநாய் அதிர்ஷ்டம் இருந்தால்தான். நீல்காய் என்ற பெரிய மான் நிச்சயம் உண்டு.

பறவைகள்

புல்திட்டுகளில் மூன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: குளிர்காலத்தில் வரும் ஹௌபாரா கானமயில், தரையில் புல்லுக்குள் படுக்கும் குட்டைக்காது ஆந்தை, தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகள். முதல் இரண்டும் மண்ணோடு மண்ணாக இருக்கும். ஓட்டுநர் கை காட்டிய இடத்தில் ஒன்றுமே தெரியாமல் ஐந்து நிமிடம் விழிப்பீர்கள், பிறகு இரண்டு மஞ்சள் கண் தெரியும். ஆந்தையை எழுப்பிப் பறக்கவிட்டுப் போட்டோ எடுக்க வேண்டாம். பகலில் அது தூங்க வேண்டிய நேரம், மேலே வல்லூறும் கழுகும் சுற்றிக்கொண்டிருக்கும்.

தண்ணீர்ப் பறவைகளுக்கு ஒரு சாயங்காலம் முழுசாக ஒதுக்குங்கள். பஜானாவின் ஓடைப் பக்கம், ஜைனாபாத்துக்குக் கிட்டே நவா தளாவ் ஏரி, இரண்டும் நல்ல இடம். பூநாரை இரண்டு வகையும் வரும். கோடியக்கரைப் பக்கத்து உப்புச் சதுப்பில் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. கூழைக்கடாக்களும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கொக்குகள் கூடடையும் நேரம். நம் வயலில் பார்க்கும் வெள்ளைக் கொக்கு இல்லை. மனிதன் மார்பளவு நிற்கும் சாம்பல் நிறப் பெருங்கொக்கு. குஜராத்தியில் 'குஞ்ச்' என்பார்கள். பகலெல்லாம் சுற்று வட்டார வயல்களில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது வரிசை வரிசையாக ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து இறங்கும். பறவை கண்ணில் படுமுன் குரல் வந்துவிடும். அந்த நேரத்தில் கரையில் நடக்காதீர்கள், ஜீப்பிலேயே இருங்கள். ஒரு கூட்டம் கலைந்தால் இருட்டில் அவை இன்னொரு இடம் தேடி அலைய வேண்டும்.

அகரியா குடும்பங்களைப் பார்க்கப் போவது

ரண்ணில் மனிதர்களும் வாழ்கிறார்கள். மழை ஓய்ந்ததும் அகரியா குடும்பங்கள் சட்டி பானையோடு உள்ளே வந்து, அடுத்த மழை வரும்வரை எட்டு மாதம் குடிசை போட்டு உப்பு விளைவிக்கிறார்கள். 'அகர்' என்றால் உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்தில் கடல்நீரைப் பாய்ச்சுவதைப் பார்த்திருப்போம். இங்கே கிணறு தோண்டி நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள். முன்பெல்லாம் டீசல் பம்பு மட்டும். வருமானத்தில் பெரும் பகுதி எண்ணெய்க்கே போகும். இப்போது பாத்திக்குப் பாத்தி சூரியத் தகடு தெரிகிறது. விளையும் உப்பு பெரிய பருக்கை, 'வடாகரு' என்பார்கள். உள்ளங்கையில் வைத்தால் கற்கண்டு மாதிரி இருக்கும். கோடையில் லாரியில் ஏற்றிக் காராகோடா போன்ற ஊர்களில் மலையாகக் குவிப்பார்கள். குஜராத்தியில் உப்புக்குப் பெயர் 'மீட்டு'. இனிப்பானது என்று பொருள்!

நான் போயிருந்தபோது ஒரு அம்மா பாத்தியில் மரப் பலகை வைத்த நீண்ட கட்டையால் வாரிக்கொண்டிருந்தார். அடியில் படியும் உப்பு ஒரே பாளமாக இறுகிவிடாமல் பருக்கை பருக்கையாகத் திரள, தினமும் இப்படிக் கிளற வேண்டும். கணுக்கால் வரை உப்புநீர். இழுக்கும்போது கண்ணாடித் துண்டுகள் உரசுகிற சத்தம். அவர் குதிகாலில் இருந்த வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கரைக்கு வந்ததும் எங்களுக்கு டீ போட்டார், சாசரில் ஊற்றிக் கொடுத்தார். பிறகுதான் குடிசைக்குப் பின்னால் இருந்த நீலத் தொட்டியைக் கவனித்தேன். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் லாரியில் வரும் அந்தத் தண்ணீர்தான்.

அதனால் சில ஒழுங்குகள். முதலில் ஓட்டுநரைப் போய் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், வா என்றால் மட்டும் போங்கள். பாத்தி வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் செருப்புக் கால் வைத்தால் உப்பில் சேறு கலந்துவிடும், அது அவர்களுடைய விளைச்சல். முகத்தைப் போட்டோ எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். வேலை செய்கிற பெண்களை 'பென்' என்று கூப்பிடுவது மரியாதை, அக்கா மாதிரி. டீ கொடுத்தால் குடியுங்கள், ஆனால் கை கழுவத் தண்ணீர் கேட்காதீர்கள். கையில் காசைத் திணிப்பதைவிட, போகும்போதே கொஞ்சம் காய்கறியும் பழமும் வாங்கிப் போங்கள். அங்கே ஒரு கீரைகூட முளைக்காது.

சாப்பாடு, இரவு, திரும்பிய பிறகு

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கம்பு ரொட்டி, சுட்ட கத்தரிக்காய் மசியல், பூண்டுச் சட்னி, மோர். கம்பு ரொட்டியைச் சூடாக நெய்யும் வெல்லமும் வைத்துச் சாப்பிடுங்கள். குஜராத்தில் மதுவிலக்கு உண்டு, எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

ஒரு இரவாவது அறையை விட்டு வெளியே நின்று வானத்தைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி தெளிவாகத் தெரியும். ஆந்தையைப் பார்க்க டார்ச் அடித்துக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கண்ணில் வெளிச்சம் அடிப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் திரும்பி வர வேண்டும். காற்றில் பறக்கும் ஒரு பை அந்த வெட்டவெளியில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஷூவின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவது. தோல் ஷூவென்றால் போட்டுக்கொண்டே போகாதீர்கள், உப்பு ஏறி வெடித்துவிடும். பைனாகுலரையும் கேமராவையும் முதலில் தூரிகையால் தட்டி, பிறகுதான் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நேராகத் துடைத்தால் ஒட்டியிருக்கும் உப்புத்தூள் லென்ஸில் கோடு போட்டுவிடும்.